ஐந்தாவது பாட்டன்

நான்கு பேர் வரைக்கும் குபாத் தடுமாறவில்லை. அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா, அவருக்கும் அப்பா. ஐந்தாவது ஆள்தான் வரவில்லை.

பெண் கேட்டு வந்த வீட்டில் ஏழு தலைமுறைப் பெயரைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வீட்டுக்கும் ஒரே பாட்டன் என்றால் ரத்த உறவு, கல்யாணம் கிடையாது. நரின் என்ற மலையூரில் மினிபஸ் ஓட்டும் குபாத் தன் ஏழு பேரையும் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவன்தான். கெடுத்தது அவன் கட்டிக்கொள்ளப்போகும் நூர்சாத். "எங்க வீட்டு ஏழு பேரையும் படிச்சுட்டு வா. எங்கப்பா உருகிடுவாரு" என்று நேற்று சொன்னாள். படித்தான். இப்போது சொந்தப் பாட்டனைக் கூப்பிட்டால் அவள் பாட்டன் வந்து நிற்கிறார்.

எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளங்கையில் எழுதியிருந்தான். மெதுவாக விரித்துப் பார்த்தான். சற்றுமுன் தின்ற வெண்ணெய் ரொட்டி எழுத்தைத் துடைத்துவிட்டிருந்தது.

"என்ன மாப்ள, அஞ்சாவது ஆளு பஸ்ஸை விட்டுட்டாரா?" என்றார் பெண்ணின் அப்பா ஜோமார்ட்.

"தொக்தோசுன், மாமா."

ஜோமார்ட் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எங்க நூர்சாத்துக்கும் அஞ்சாவது பாட்டன் தொக்தோசுன்தான்."

"இவரு வேற ஆளு, மாமா."

"எப்படி வேற?"

குபாத் வேறு ஆளைத் தேடினான். நேற்றுப் படித்ததுதான் வாயில் வந்தது. "ஒத்தக் கண்ணு. வெள்ளக் குதிர வச்சிருந்தாரு."

நூர்சாத் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"குதிரைக்குக் காதோரம் கறுப்பு இருக்குமே?"

"ஆமா, மாமா."

"அப்ப நீ மாப்ள இல்லடா. எனக்கு மகன் முறை."

"இல்ல மாமா, அவரு உங்க பாட்டன். உங்களுதைப் படிச்சேன், என்னுது போயிடுச்சு."

"சொந்தப் பாட்டனையே தொலைச்சவன் என் பொண்ணை எந்த ஸ்டாப்ல விட்டுட்டு வருவானோ. நான் முப்பது வருஷமா ஒரு பேரு மாத்திச் சொன்னதில்ல."

குபாத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். நூர்சாத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உக்காருப்பா" என்றாள் அதுவரை தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவள் அம்மா கனிஷாய். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"தொக்தோசுன் எங்க வீட்டுப் பாட்டனுங்க. என்னைக் கேட்டு வந்தப்ப எங்கப்பா மனசு குளிரணும்னு எங்க ஏழு பேரையும் படிச்சீங்க. அன்னைக்கு உங்க பட்டியல்ல வந்து உக்காந்தவரு, எழுப்பி அனுப்ப எனக்குத்தான் மனசு வரல."