மருதமலை ஏறிய மாத்திரை

வடவள்ளி, கோவை
20.9.1998

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை மதன்குமார் அவர்களுக்கு,

மாமனார் தம்பிதுரை எழுதுவது. அமெரிக்காவில் நீங்களும் எங்கள் மகள் புவனாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தை ராமாமணி சுகம். நான் சுகத்துக்கும் ஒரு படி மேலே இருக்கிறேன். காரணம், உடம்பு இளைக்க நீங்கள் ஆடி மாதம் அனுப்பிவைத்த கிரீன் டீ மாத்திரை.

சித்திரையில் நடந்ததைப் புவனா சொல்லியிருப்பாள், ஆனால் அப்பன் மானத்தைக் காப்பாற்றப் பாதியை விழுங்கியிருப்பாள். கிருத்திகையன்று உங்கள் அத்தையைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் மருதமலை ஏறினேன். இரண்டாவது வளைவில் வண்டி இருமிவிட்டு நின்றுபோனது. "நான் எறங்கிக்கறனுங்க" என்று அவள் இறங்கினாள். அப்போதும் என்னைச் சுமந்துகொண்டு அது நகர மறுத்தது. அவள் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தாள். ஓரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "ஏனுங்க அம்மணி, அய்யாவ எறக்கி உட்டுப்போட்டு வண்டிய மட்டும் தள்ளுங்க, சுளுவா இருக்கும்" என்றாள். மலைக்கு வந்த ஜனமெல்லாம் சிரித்தது. அன்றிலிருந்து எந்த விசேஷமானாலும் நான் ஸ்கூட்டரிலும் உங்கள் அத்தை டவுன் பஸ்ஸிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். இருபது வருஷம் என் தோளில் கை போட்டு வந்தவள், மாப்பிள்ளை. அந்தக் கை இல்லாமல் வண்டி ஓட்ட எனக்குப் பிடிக்கவே இல்லை.

அப்போதுதான் உங்கள் டப்பா வந்தது. தினம் இரண்டு மாத்திரை, உணவோடு என்று போட்டிருந்தது. மூன்று வேளைச் சாப்பாடும் ஏற்கனவே அதனதன் வேலையில் இருப்பதால், மாத்திரைக்கென்று பதினோரு மணிக்கு நாலு இட்லியும் சாயங்காலம் ஐந்து வர்க்கி பிஸ்கட்டும் தனியாக ஏற்பாடு செய்துகொண்டேன். தேயிலை மாத்திரையைப் பச்சைத் தண்ணீரில் விழுங்குவது அதற்கு மரியாதையாகப் படாததால், நல்ல பால் விட்டு, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயில்தான் விழுங்கினேன். மாத்திரை உடம்புக்குச் சூடு என்று யாரோ சொன்னதால் இட்லிக்கு நெய். முப்பது வருஷம் மில் டைம் ஆபீஸில் உட்கார்ந்தவன் நான், ஒருநாள்கூட நேரம் தவறவில்லை.

மூன்றே வாரத்தில் பலன் தெரிந்தது! மூச்சைப் பிடித்துப் பூட்டிக்கொண்டிருந்த சட்டைப் பொத்தான்கள் தாமாகப் பூட்டிக்கொண்டன. எல்லாச் சட்டைக்குள்ளும் காற்று தாராளமாக வந்து போனது. "பாதியாப் போயிட்டீங்க போங்க" என்று உங்கள் அத்தையே சொன்னாள். சென்ற வெள்ளிக்கிழமை வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தி, "ஏறு அம்மணி" என்றேன். "ஆகட்டுமுங்க" என்று ஏறிக்கொண்டாள். முதல் வளைவு தாண்டியது, இரண்டாவது வளைவும் தாண்டியது, இருமல் இல்லை, தும்மல் இல்லை. பூக்கார அம்மாள் பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உச்சியில் போய் நிற்கிற வரை தோளில் இருந்த கை எடுபடவில்லை. முருகன் முன்னால் நிற்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே தயவுசெய்து இன்னும் ஆறு டப்பா அனுப்பவும். வெள்ளகோவில் சொந்தக்காரர்கள் ஐந்து பேருக்கு, இளைப்பது எப்படி என்று இரண்டு மணி நேரம் விளக்கி, ஆளுக்கொரு டப்பா தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன்.

மருதமலையான் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும், எடையில் மட்டும் வேண்டுமானால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
தம்பிதுரை

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மெக்கானிக் கண்ணையா வந்தான். "ஏனுங்கய்யா, புது பிஸ்டன் மலையில எப்படி இழுத்துச்சுங்க?" என்றான். எந்தப் பிஸ்டன் என்றேன். நான் கொடுமுடியில் உங்கள் பெற்றோரைப் பார்க்கப் போயிருந்த இரண்டு நாளில் உங்கள் அத்தை வண்டியைக் கொடுத்து மாட்டச் சொன்னாளாம். "அய்யாகிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க, சொல்லிப்போட்டனே!" என்று நாக்கைக் கடித்தான். உள்ளே போய்க் கேட்டேன். சட்டைகளையும் டெய்லரிடம் கொடுத்து ஆளுக்கு, மன்னிக்கவும், சட்டைக்கு இரண்டு அங்குலம் தையலைப் பிரித்துவிட்டதை அவளே ஒப்புக்கொண்டாள். "நீங்க எளைக்கற வரைக்கும் காத்திருந்தா நான் கெழவியாயிப் போவனுங்க. பஸ்ஸுல தனியாப் போகப் புடிக்கலீங்க, அதான் வண்டியப் பலப்படுத்திப்போட்டேன்" என்றாள்.

டப்பாக்கள் வேண்டாம், மாப்பிள்ளை. வெள்ளகோவிலுக்கு நானே ஏதாவது பதில் சொல்லிக்கொள்கிறேன். ஏர் மெயில் தாள் வீணாகக் கூடாதே என்றுதான் இதை அனுப்புகிறேன். இதற்கு மேல் எழுத நேரமில்லை. உங்கள் அத்தை புதுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, வண்டியருகே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறாள்.