வலப்பக்கப் பின் ரயரில் ஒரு சிலுவை

சட்டம் எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அது எழுதுகிறவனுக்கு மட்டும்தான். ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் எங்கள் கொண்டோ அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவில் ஏழு வருடம் செயலாளராக இருந்தவன் நான். பால்கனியில் உடுப்புக் காயப்போடக் கூடாது என்று எழுதியவனும் நான்தான். (அதற்குப் பிறகு எங்கள் மாடியில் ஒருவரும் எனக்கு டிசம்பரில் நத்தார் கேக் தரவில்லை.) அந்த வியாதியைக் கார்ப் பந்தயத்துக்கும் கொண்டுபோய்த் தொற்றவைத்தேன்.

என் மனைவியின் தம்பி ஜெராட், பிறேக் திருத்துகிற கராஜில் வேலை செய்பவன். ஸ்பிரின்ட் கார் என்கிற பந்தயக் கார் ஒன்றைப் பழசாக வாங்கி வைத்திருந்தான். தலைக்கு மேல் தகரக் கூரை மாதிரி ஒரு பெரிய இறக்கை. மூடியில்லாத நான்கு சக்கரங்கள். அவற்றில் வலப்பக்கப் பின் சக்கரம் மற்றவற்றைவிடப் பெரிது. ரொறன்ரோவுக்கு வடக்கே ஒன்றரை மணி நேரம் போனால் தார் போட்ட ஒரு வட்டப் பாதை வரும். கோடை ஞாயிறுகளில் பகல் முழுக்க அங்கேதான் ஓடுவான். ஐந்து வருடம் ஓடியும் ஒருமுறைகூட வெல்லவில்லை.

காரணம் சக்கரத்தில் பூட்டுகிற ரப்பர் ரயர். வசதியானவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது ரயர் பூட்டினார்கள். சிலர் ரசாயனத்தில் ஊறவைத்து மிருதுவாக்கினார்கள்; மிருதுவான ரயர் பாதையைக் கவ்விப் பிடிக்கும். ஜெராட் போன மாதத்து ரயரோடு அவர்களுடைய புகையைக் குடித்துக்கொண்டிருந்தான். செலவுக்குக் கடிவாளம் வேண்டும் என்று சின்னக் குழுக்கள் எல்லாம் கேட்டபோது, விதிக்கு வரைவு எழுத நானே கையைத் தூக்கினேன். எல்லாருக்கும் ஒரே கடினமான வகை. ஓட்டத்துக்கு ஒரு புது ரயர் மட்டும். அதிலும் பரிசோதகர் அடையாளம் போட்டதுதான் ஓடலாம். அதோடு விட்டிருக்கலாம். ‘ரயரின் எந்தப் பகுதியிலும், எந்தத் திரவத்தையும், எந்த நோக்கத்துக்காகவும் பூசினால் அன்றைய முடிவு ரத்து, மேல்முறையீடு இல்லை’ என்றும் சேர்த்தேன்.

பரிசோதகர் ஓய்வுபெற்ற வெள்ளைக்கார மெக்கானிக். “எந்தப் பகுதியிலும் என்பது கொஞ்சம் அதிகம் இல்லையா?” என்று கேட்டார்.

“ஓட்டை இருந்தால் கள்ளன் நுழைவான்” என்றேன். கூட்டத்தில் சின்னக் குழுக்காரர் கைதட்டினார்கள். எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிட்டது.

விதி வேலை செய்தது. அடுத்த கோடையில் ஜெராட் மெல்ல மெல்ல முன்னுக்கு வந்தான். ஆனால் அதுதான் அவனுக்குக் கடைசிக் கோடை. வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறக்க இருந்தன. பருவம் முடிந்ததும் காரை விற்பதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

“ஒருக்கா ஓட்டத்தில வெண்டாப் போதும் அத்தான்” என்றான், கடைசி ஞாயிறு காலையில். “பிறகு சத்தம் போடாமல் வித்துப்போடுவன்.”

அன்று அவனுக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது. அவன் ஹெல்மெட்டோடு காருக்குள் அமைதியாக இருந்தான். நான்தான் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பரிசோதகர் ரயர்களைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, சட்டைப்பையில் இருந்த சின்னச் சீசாவை எடுத்தேன். அந்தோனியார் நவநாளில் மந்திரித்துத் தந்த எண்ணெய். (நெற்றியில் பூசுவது. பல்லுக்கொதி வந்து கன்னம் வீங்கியபோதும் நான் பூசியிருக்கிறேன்.) பெருவிரலை நனைத்து அந்தப் பெரிய ரயரின் பக்கவாட்டில் ஒரு சிலுவை போட்டேன். சத்தியமாக என் சட்டம் எனக்கு நினைவு வரவில்லை. அதைத் திரவம் என்று நான் நினைக்கவேயில்லை. அந்தோனியார் என்றுதான் நினைத்தேன்.

ஜெராட் வென்றான். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அழுதுகொண்டிருந்தான். நான் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து, அவருடைய பியரை என்மேல் ஊற்றிக்கொண்டேன்.

பரிசோதகர் ஊசி வைத்த கருவியால் ரயரின் கடினத்தைப் பார்த்தார். சரியாக இருந்தது. போகத் திரும்பியவர் குனிந்தார். எண்ணெயில் பாதையின் கறுப்புத் தூள் ஒட்டி, சிலுவை அச்சடித்ததுபோலத் தெரிந்தது. விரலால் தேய்த்து முகர்ந்தார்.

“ஒலிவ் எண்ணெய். இதனால் ஒரு வேகமும் வராது, எனக்குத் தெரியும்” என்றார். விரலைத் துணியில் துடைத்தார். பிறகு கோப்பைத் திறந்து விதியை உரக்க வாசித்தார். என்னுடைய வசனம், ஒரு கமா குறையாமல்.

“யார் பூசியது?”

நான் பியரில் நனைந்த சட்டையைப் பிழியத் தொடங்கினேன்.

ஜெராட் என் சட்டைப்பையில் சீசா கசிந்திருந்த கறையை ஒருமுறை பார்த்தான். “நான்தான்” என்றான்.

வீடு திரும்பும்போது வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மோர்னிங்சைட்டுக்குத் திரும்புகிற இடத்தில் ஜெராட் சொன்னான்.

“உது நல்ல விதிதான் அத்தான். உது இல்லாட்டி நான் முன்னுக்கே வந்திருக்க மாட்டன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த மாதம் காரை விற்றான். அதன் பிறகு அந்தப் பாதைப் பக்கம் அவன் போகவே இல்லை.

இரட்டையர்கள் வளர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு பிறந்தநாளிலும், கேக் வெட்டி முடிய, என் மனைவிதான் தொடங்குவாள்: “என்ர தம்பி ரயருக்கு எண்ணெய் தேய்ச்சு முழுக வார்த்த கதை தெரியுமோ?” வந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எண்ணெய் யாருடையது என்று அவளுக்கு இந்தக் கட்டுரையைப் படித்தால்தான் தெரியும்.

போனமுறை இரட்டையரில் மகள் தகப்பனின் கையைப் பிடித்து உலுக்கி ஆங்கிலத்தில் கேட்டாள். “அப்பா, வை டிட் யூ டூ தற்?”

“பயத்தில மகள்” என்றான் ஜெராட். “பயம் வந்தா மனிசர் என்னவும் செய்வினம்.”

சொல்லிவிட்டு என் தட்டில் ஒரு கேக் துண்டு வைத்தான். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.