மோர்ஜாவுக்கு மொட்டை

நாயை இனிமேல் வீட்டிலேயே, தன் கையாலேயே பராமரிக்கப் போவதாக எர்னோ அறிவித்தது ஜனவரி மாதத்து ஒரு வியாழக்கிழமை, சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது. அதற்கு நாய் காரணமில்லை. டான்ஸ்தான் காரணம்.

செகெத் நகரத்தில் முப்பத்தெட்டு வருஷம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர் எர்னோ. வாழ்க்கையிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, சனிக்கிழமை காலை. பத்து மணிக்கு ஊர் வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி உட்கார்ந்து, பழைய சிநேகிதர் லோராந்தோடு மிதக்கிற பலகையில் பன்னிரண்டரை வரைக்கும் செஸ் ஆடுவார். அந்த இரண்டரை மணி நேரத்தில் யாரும் அவரிடம் "எர்னோ, இதைக் கொஞ்சம் பிடி" என்று சொல்வதில்லை. ஜெயிப்பது தோற்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

அந்த ஜனவரியில் ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் டான்ஸ் வகுப்பு தொடங்கினார்கள். சனிக்கிழமை, காலை பத்து மணி. ஜோடியாக வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். எர்னோவின் மனைவி வில்மா பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தைந்து வருஷம் கரண்டி பிடித்தவள். கேட்க வேண்டியதைச் சுற்றி வளைத்துக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"நீ வரலைன்னா நான் என்ன, கோட் ஸ்டாண்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா ஆடறது?"

எர்னோ முழங்கால் வலியைச் சொன்னார். சொல்லிக்கொடுக்கிற அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் இரும்பு, அவளே ஆடுகிறாள் என்றாள் வில்மா. மூச்சு வாங்குகிறது என்றார். உனக்கு மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை, வாங்குகிற மாதிரி நீ எதுவும் செய்ததுமில்லை என்றாள். அப்போதுதான் மேஜைக்கடியில் நாய் மோர்ஜா புரண்டு படுத்தது எர்னோவின் கண்ணில் பட்டது.

மோர்ஜா என்ன சாதி என்றால் புலி. அந்த ஊரில் ஆடு மேய்க்கிற நாய்க்கு அதுதான் பெயர். பெயர்தான் புலி, இடி இடித்தால் அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். உடம்பு முழுக்கக் கறுப்புச் சடை, கயிறு கயிறாகத் தரை வரைக்கும். எந்தப் பக்கம் தலை என்பது பிஸ்கட்டைக் காட்டினால்தான் தெரியும். எர்னோவின் அக்கா எதெல்கா பரிசாகக் கொடுத்த நாய் அது. அவர்கள் அப்பா இந்தச் சாதி நாய்களை வைத்து ஆடு மேய்த்தவர். புலியின் மேல் சீப்பும் படக்கூடாது, கத்தரியும் படக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வருஷா வருஷம் ஈஸ்டர் திங்கட்கிழமை மகோ என்கிற பக்கத்து ஊரிலிருந்து அக்கா பஸ் ஏறி வருவாள். கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே குனிந்து சடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள். அறுபத்து நான்கு வயதிலும் அந்த ஒரு நிமிஷம் எர்னோ பள்ளிக்கூடப் பையன் மாதிரி கைகட்டி நிற்பார். இதுவரை சடையைப் பராமரிக்கச் சந்தைத் தெருவில் ஒரு பெண்ணிடம் வருஷத்துக்கு இரண்டு தடவை நாயை விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம்.

"மோர்ஜாவை எவளோ ஒருத்தி கையில விட்டுட்டு வர்றது எங்கப்பாவுக்கே அவமானம்," என்றார் எர்னோ, ஸ்பூனைக் கீழே வைத்து. "இனிமே சனிக்கிழமைதோறும் நானே பாத்துக்கறேன். வீட்டுலயே. டான்ஸுக்கு எங்க நேரம்?"

"சனிக்கிழமை பூராவுமா?"

"பூராவும்."

"சரி, செய்," என்றாள் வில்மா.

முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். இவ்வளவு சீக்கிரம் வில்மா எதற்கும் சரி சொன்னதில்லை. எர்னோ இன்னொரு கரண்டி சூப் ஊற்றிக்கொண்டார்.

அவர் போட்ட கணக்கு இதுதான். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வில்மா சந்தைக்குப் போவாள். நாயை அரை மணி நேரம் பேருக்குத் தடவிக் கொடுத்துவிட்டுக் குளத்துக்கு ஓடிவிடலாம். ஈரத்தலையோடு திரும்பி வந்தால்? நாயைக் குளிப்பாட்டினேன், தெறித்தது. இந்தக் கடைசிப் பகுதியை நினைத்து நினைத்து அவர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை வில்மா சந்தைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமையே போய் வந்துவிட்டாளாம். நூலகத்திலிருந்து புலி வளர்ப்பைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் வேறு கொண்டுவந்திருந்தாள். அடுப்புப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, அதில் எர்னோவை உட்கார வைத்து, அவர் முன்னால் நாயையும் உட்கார வைத்தாள். சடைகள் தோலோரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கம்பளி மாதிரி ஆகிவிடுமாம். ஒவ்வொரு சடையையும் விரலால் பிரித்து, வேர் வரைக்கும் கிழித்து விட வேண்டுமாம். பிரித்து முடித்த சடையில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டச் சொன்னாள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு எர்னோ முடித்திருந்தது முன்னங்கால் ஒன்று. விரலை மடக்க முடியவில்லை. நாய்க்கு இன்னும் மூன்று கால் பாக்கி இருந்தது, உடம்பும் இருந்தது.

சடை பிரிக்கிறதே தேவலை என்று தோன்றியது பிப்ரவரியில் குளிப்பாட்டினபோது. புலிக்குத் தண்ணீர் ஊற்றினால் முதல் அரை மணி நேரம் உள்ளே போகாது. போன பிறகு வெளியே வராது. தொட்டியில் நின்ற மோர்ஜா மூட்டை சிமெண்ட் கனம் கனத்தது. எர்னோ முட்டி போட்டு, சடை சடையாகப் பிழிந்தார். பதினோரு துண்டு நனைந்தது. பிறகு இரண்டு நாள் மின்விசிறிக்கு முன்னால் நாயைத் திருப்பித் திருப்பி உட்கார வைத்துக் காய வைத்தார். வீடு பூரா ஈர ஆட்டு நாற்றம். இத்தனைக்கும் வில்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. காபி கொண்டுவந்து கொடுத்தாள். "உங்கப்பா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்படுவார்" என்று அவ்வப்போது சொல்லிவிட்டுப் போனாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. டான்ஸ் இல்லை, வாஸ்தவம்தான். செஸ்ஸும் இல்லை. மார்ச் முதல் வாரம் லோராந்த் போன் பண்ணினார். எர்னோவின் இடத்தில் இப்போது ஒரு பல் டாக்டர் வந்து உட்காருகிறாராம்.

"எப்படி ஆடறார்?" என்று கேட்டார் எர்னோ.

"நல்லாத்தான் ஆடறார்ப்பா. உன்னை மாதிரி ஒரு காய் நகர்த்த அரை மணி நேரம் யோசிக்கறதில்ல."

எர்னோ போனை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷமாக அவர் முதுகு பட்டுத் தேய்ந்த குளத்துப் படிக்கட்டில் ஒரு பல் டாக்டர். மோர்ஜா வந்து அவர் முழங்காலில் மூக்கை வைத்தது. மூக்குதான் என்று ஈரத்தை வைத்துத் தெரிந்துகொண்டார். சடை இருக்கிற வரைக்கும் நமக்கு விடுதலை இல்லை என்ற ஞானம் அவருக்கு அந்த நிமிஷத்தில் உண்டாயிற்று.

அடுத்த சனிக்கிழமை வில்மா தலைமுடியைச் சுருட்டிக்கொள்ள அழகு நிலையத்துக்குப் போனாள். மூன்று மணி நேரம் ஆகும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். எர்னோ தன் தாடி மழிக்கிற மெஷினை எடுத்தார். அது முதல் சடையிலேயே கிர்ரென்று முனகி உயிரை விட்டது. வில்மாவின் தையல் கத்தரியை எடுத்தார். அப்பா படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். வெட்ட ஆரம்பித்தார்.

மோர்ஜா ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போயிற்று. இரண்டு மணி நேரத்தில் தரையில் ஒரு மலை குவிந்தது. அந்த மலைக்குள்ளிருந்து துணிக்கிளிப் இரண்டு, போன கிறிஸ்துமஸ் மிட்டாயின் ஜிகினாக் காகிதம், ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த மூக்குக் கண்ணாடியின் ஒரு காது எல்லாம் கிடைத்தன. வேலை முடிந்து எழுப்பினால், எழுந்து நின்றது யாரோ. குச்சிக் கால், நீளக் காது, பெரிய பெரிய கண். இத்தனை நாளும் சோறு போட்டது பாதி நாய்க்கும் பாதி கம்பளத்துக்கும் என்பது எர்னோவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்த மோர்ஜா, வீட்டுக்குள் அந்நியன் புகுந்துவிட்டதாக நினைத்துக் குரைத்தது.

எர்னோவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. சடை மறுபடி தரையைத் தொட நாலு வருஷமாவது ஆகும். ஈஸ்டருக்கு இருந்தது பதினாறு நாள்.

வில்மா சுருட்டை முடியோடு உள்ளே வந்தாள். நாயைப் பார்த்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பூஞ்சை," என்றார் எர்னோ. "சரியா காயல போலிருக்கு. உள்ளயே பூஞ்சை பிடிச்சிடுச்சு. டாக்டருக்குப் போன் பண்ணினேன். உடனே வெட்டுன்னுட்டார்."

வில்மா ஒரு சடையைக் குனிந்து எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"லாவெண்டர் வாசனை அடிக்குது."

"அது ஒரு மாதிரி பூஞ்சை."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எர்னோவுக்குப் பழக்கம்தான், காதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவள் சடையை மடியில் வைத்துக்கொண்டு, "ஈஸ்டருக்கு அக்கா வருவாங்களே, எர்னோ" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். எர்னோவும் உட்கார்ந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், மொட்டை நாயை எதில் மறைப்பது? கம்பளி ஸ்வெட்டர் போட்டுவிடலாமா என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்கே கேவலமாக இருந்தது.

வில்மா சடையை மேஜையில் வைத்தாள். "நான்தான் வெட்டினேன்னு சொல்லிடறேன். திட்டறதா இருந்தா என்னைத் திட்டட்டும். நான் வெளியில இருந்து வந்தவதானே. உன் அக்கா முன்னால நீ எதுக்குத் தலைகுனியணும்?"

எர்னோவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. இப்படிப்பட்டவளிடமா லாவெண்டர் பூஞ்சை என்று புளுகினோம் என்று வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் பிடித்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

"உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன், வில்மா?"

"கைம்மாறெல்லாம் எதுக்கு," என்றாள் அவள். "சனிக்கிழமைதான் இனிமே உனக்குச் சும்மாத்தானே இருக்கு? டான்ஸுக்கு வாயேன்."

"வர்றேன்," என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தார். "எத்தனை நாளைக்கு?"

"ரொம்ப நாளெல்லாம் வேண்டாம். சடை திரும்ப வளர்ற வரைக்கும்."

அப்பா படத்தைச் சுவரிலிருந்து திருப்பி, அதன் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் போனார்கள். இடது பக்கம் இரண்டு அடி, வலது பக்கம் இரண்டு அடி, நடுவில் ஒரு சுற்று. இரும்பு முழங்கால் அம்மா மானாகத் துள்ளினாள். எர்னோ முப்பத்தெட்டு வருஷம் தண்டவாளத்தில் போய்ப் பழகிய மனிதர், திரும்பு என்றால் எங்கே திரும்புவார்? வில்மாவின் காலை நாலு தடவை மிதித்தார், பக்கத்து ஜோடியின் காலை ஆறு தடவை. கடிகாரத்தில் பதினொன்றேகால் ஆகும்போது லோராந்தின் எதிரே அந்த டாக்டர் என்ன காய் நகர்த்திக்கொண்டிருப்பார் என்று நினைப்பார். வில்மா மட்டும் கன்னம் சிவக்க, சுருட்டை முடி ஆட, இருபது வயது குறைந்து ஆடினாள். அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காலில் வலி இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஈஸ்டர் திங்கட்கிழமை வந்தது. காலையில் எர்னோ அந்த ஊர் ஈஸ்டர் முறைப்படி வில்மாவின் தலையில் வாசனைத் தண்ணீர் தெளித்து, மூன்று சாயம் போட்ட முட்டை வாங்கிக்கொண்டார். பன்றித் தொடை வெந்து மேஜைக்கு வந்திருந்தது. பத்தரைக்கு மணி அடித்தது. எர்னோ சாராய பாட்டிலை எடுக்கிற சாக்கில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

தொப்பியும் கோட்டுமாக எதெல்கா உள்ளே வந்தாள். மோர்ஜா ஓடி வந்து அவள் செருப்பை நக்கியது. அக்கா நாயைப் பார்த்தாள். எர்னோ கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"அப்பாடா," என்றாள் எதெல்கா. "கடைசில வெட்டிட்டீங்களா? டேய் எர்னோ, எங்கடா போனே? நாய் இப்பத்தாண்டா நாய் மாதிரி இருக்கு. அப்பா காலத்துல பனி இருந்துது, ஓநாய் இருந்துது, சடை வேணும்தான். இங்க சோபாவும் டிவியும்தானே இருக்கு? எனக்கும் இடுப்பு போச்சு, குனிஞ்சு சடை எண்ண முடியல. கிறிஸ்துமஸ் அன்னிக்கே போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, வில்மா, வெட்டி விடு, வெட்டி விடுன்னு. இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் கை கழுவப் போய்விட்டாள். எர்னோ கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். கையிலிருந்த பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கேவா?" என்றார். "அப்பவே நீயே வெட்டியிருக்கலாமே, வில்மா?"

வில்மா பன்றித் தொடையைச் சீராக நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வெட்டியிருக்கலாம்," என்றாள். "நான் வெட்டியிருந்தா நீ டான்ஸுக்கு வந்திருப்பியா?"