சாந்தகுமாரி வாங்கிக் கொடுத்த பாஞ்சோ

பர்மாத் துறைமுக நகரின் தாகேதாப் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி. அதில் சுரேந்திரன் என்று ஒருவர். அலோன் துறைமுகக் கிடங்கில் காலமெல்லாம் மூட்டை எண்ணி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் வாழ்க்கையில் மாபெரும் முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. எடுத்தவள் மனைவி சாந்தகுமாரி.

"ஏங்க, இனிமே நீங்க பாஞ்சோ கத்துக்கறீங்க" என்று பழைய சாமான் கடையில் வாங்கிய ஒன்றை அவர் மடியில் வைத்தாள்.

கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்த மாதிரி இருந்தது அது. நாலு தந்திகள் ஒழுங்காக உச்சியிலிருந்து புறப்பட்டிருந்தன. ஐந்தாவது மட்டும், பாதி வழியில் பஸ் ஏறின ஆள் மாதிரி, நடுக்கழுத்தில் தொற்றிக்கொண்டிருந்தது.

"புல்லாங்குழல் வாங்கியிருக்கலாமே, குமாரி?"

"அதுக்குச் சத்தம் பத்தாதுங்க."

சத்தம் பத்தாது என்று புருஷனிடம் குறைப்பட்ட பெண்டாட்டி உலகத்திலேயே இவள் ஒருத்திதான். சுரேந்திரன் நெகிழ்ந்துபோனார்.

போனில் ஒரு தாடிக்கார அமெரிக்கக் கிழவர் பழங்காலப் பாணி சொல்லிக்கொடுத்தார். கையைக் கொக்கி மாதிரி மடக்கி, ஆள்காட்டி விரல் நகத்தின் முதுகால் தந்தியைக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். அடித்த கையோடு கட்டைவிரல் ஐந்தாம் தந்தியைத் தட்ட வேண்டும். அதற்காக நகம் வளர்த்தார். சோறு பிசையும் கையாயிற்றே, நகத்துக்குள் பருப்பு ஏறியது. அதற்கும் அவள் திட்டவில்லை. கரண்டி எடுத்துக் கொடுத்தாள்.

கீழ்மாடி ஜைனப்தான் முதலில் படியேறி வந்தாள்.

"அண்ணே, வாசிக்கிறீங்களா, தகரம் தட்டுறீங்களா?"

"இது பழங்காலப் பாணி, தங்கச்சி."

"பழங்காலத்தோடயே விட்டிருக்கலாமே! அக்கா, நீங்க எப்படித்தான் தாங்குறீங்க?"

சாந்தகுமாரி ஜைனப்பின் வாயையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கொண்ணும் தொந்தரவாத் தெரியலையேம்மா. நல்லாத்தானே வாசிக்கிறாரு."

அவர் போடும் சட்டையிலிருந்து விடும் குறட்டைவரை குறை கண்ட வாய் அது! அன்றிலிருந்து சுரேந்திரன் காலையிலும் தட்டினார், மாலையிலும் தட்டினார். சோறு அடிப்பிடித்தால், "உங்க சத்தத்துல குக்கர் விசில் கேக்கலங்க" என்பாள். கதவைத் தட்டியவர் திரும்பிப் போனால், "உங்க சத்தத்துல கேக்கலங்க." பாங்காக்கிலிருந்து மகள் மாலா போனில் முகம் காட்டும்போது கட்டாயம் வாசித்தாக வேண்டும். "அப்பா அடிக்கிற அடியில ஒண்ணும் கேக்கலடி, எழுதி அனுப்பு!" என்று சாந்தகுமாரி கத்துவாள். மகளும் எழுதுவாள்.

மழைக்காலம் வந்தது. பாஞ்சோவின் தோல் ஈரத்தில் நமுத்த அப்பளமாகத் தொய்ந்து, தந்தி பேச மறுத்தது. அதை அடுப்புப் பக்கத்தில் காயவைத்துவிட்டுச் சுரேந்திரன் சும்மா உட்கார்ந்திருந்தார். வீட்டில் அப்படி ஓர் அமைதி.

பால்கனியில் சாந்தகுமாரி அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். மாடி வீடுகளில் எல்லாரும் கட்டியிருப்பதுபோல அங்கேயும் தெருவரைக்கும் ஒரு கயிறு, மேல் முனையில் மணி. கீழே மீன்குழம்புச் சேமியா விற்கும் மோஹிங்காக்காரி கயிற்றை இழுத்தாள். சாந்தகுமாரியின் தலைக்கு ஒரு முழம் மேலே மணி அடித்தது. அவள் நார் உரித்தாள். பேய் பிடித்ததுபோல மறுபடி அடித்தது. அவள் நிமிரவே இல்லை.

சுரேந்திரன் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"குமாரி."

இன்னொரு அவரைக்காயை எடுத்தாள்.

"சாந்தகுமாரி!"

முன்னால் வந்து குத்தவைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"எப்பலேருந்து?"

"போன திஞ்சான் தண்ணித் திருவிழாவுக்கு முன்னாலேருந்தே. மங்கி மங்கி, முழுசாப் போயிடுச்சு."

"எனக்கே தெரியலையே!"

"எப்படித் தெரியும்? நம்ம வீட்டுல பேசுறது நான். கேக்குறதுதானே உங்க வேலை."

"மாலாகிட்டச் சொல்லிடுவோம்."

அவள் அவர் உதடுகளைப் பார்த்தாள். தலையாட்டினாள், வேண்டாம் என்று.

"சொன்னா அன்னிக்கே ஓடி வந்துடுவா. இப்ப வந்த புள்ளையப் பட்டாளத்துக்குப் பிடிக்காம திரும்பிப் போக விடுவாங்களா? அங்கயாவது நிம்மதியா இருக்கட்டும்ங்க. அதுக்குத்தானே இத்தனை சத்தம்."

கீழே கயிறு இழுத்தவள் அலுத்துப்போய் நடையைக் கட்டிவிட்டாள். சுரேந்திரன் தொண்டையைச் செருமினார். கேட்காமலிருக்க முடியவில்லை.

"அப்ப, நல்லா வாசிக்கிறேன்னு சொன்னது?"

"உங்க மூஞ்சி நல்லாயிருந்துச்சு. வேலைய விட்டதுக்கப்புறம் அப்படி நான் பாக்கல."

அவர் எழுந்து அடுப்பங்கரைக்குள் போனார். பாஞ்சோவின் தோலைத் தட்டிப் பார்த்தார்; காய்ந்து விறைத்திருந்தது. திரும்பி வந்தபோது போன் மினுங்கியது. மாலா.

சாந்தகுமாரி போனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தபடி, மறுகையால் அவரை இடித்தாள். "எடுங்க, வாசிங்க!" கண்ணீர் மறைத்ததில் அவருக்கு எந்தத் தந்தி எதென்றே தெரியவில்லை. இதுவரை வாசித்ததிலேயே மோசமாக வாசித்தார்.

"இன்னும் பலமா! அவ நம்பணும்."

அடித்தார். மாலா திரையில் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுதி அனுப்பினாள்:

"அப்பா, புண்ணியமாப் போகும், நிறுத்துங்க. நீங்க அடிக்கிற அடியில அம்மாவுக்குக் காதே போயிடப் போகுது."

அவர் தோளில் சாய்ந்து சாந்தகுமாரியும் படித்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "என்னிக்காவது அவளுக்குத் தெரிஞ்சாலும், பழி உங்க தலையிலதான்."