ரிஜெக்ட் மாஸ்டர் ஒட்டிய பொட்டு

ரிஜெக்ட் மாஸ்டரிடம் திட்டு வாங்காதவன் திருப்பூரில் பனியன் தொழில் பார்த்ததாகவே சொல்லிக்கொள்ள முடியாது. முப்பது வருஷம், தைத்து வரும் பனியன்களில் பழுது கண்டுபிடித்துத் தள்ளும் செக்கிங் மாஸ்டர். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் சட்டையைத் திருப்பிப் பார்த்து, "தையல் விட்டிருக்குதுங்க, ரிஜெக்ட்!" என்றவர். திட்டினாலும் 'ங்க' போடாமல் திட்ட மாட்டார். அவரிடம் நாலு வருஷம் திட்டு வாங்கிய நான் இப்போது அவருக்கு எதிர் வீடு.

வயசான காலத்தில் மாஸ்டருக்கு மறதி நோய் வந்தது. மகன் பெயரே மறந்துபோனது, ரிஜெக்ட் மட்டும் மறக்கவில்லை. குளிக்கவைத்து பனியன் மாட்டினால் போதும், தெரு அதிரக் கத்துவார். மருமகளின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து இடது விலாவில், பனியன் மேலேயே ஒட்டிக்கொள்வார். பிறகு பனியனைக் கிழித்து எறிவார், தடுத்தால் அடிப்பார். தெருவே சிரித்தது, நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் ஃபாரத்தோடு மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"கத்தறாருங்களா?"

"தெனமுங்க" என்றார் மகன். டிக்.

"அடிக்கறாருங்களா?" டிக். "துணியக் கிழிக்கறாருங்களா?" டிக்.

"ஐயனுக்குத் தூக்க மாத்தர குடுத்துருங்க. அடங்கலீன்னா முதியோர் இல்லத்துல சேத்தீர்றேன்" என்றார் மகன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏனுங்க அம்மணி, எதுக்குக் கத்தறாருன்னு அந்தத் தாள்ல ஒரு கட்டங்கூட இல்லீங்களா? ஒரு பீஸ் ரிஜெக்ட்டானாலே டேமேஜ் எங்கன்னு ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டுவோம். மனுசனுக்கு..."

பாதியில் நிறுத்தி மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்டிக்கர்! இந்த மனுஷன் தினமும் ஒட்டிக் காட்டிக்கொண்டுதானே இருந்தார்?

பொட்டு இருந்த இடத்தில் பனியனைத் தூக்கினேன். பக்கத் தையலில் முரட்டு நைலான் லேபிள். மகன் தன் கம்பெனியில் மிஞ்சிய எக்ஸ்போர்ட் பனியன்களை அப்படியே மாட்டிவிட்டிருக்கிறார். அதன் கீழே தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"கம்பெனி நடத்தறீங்களே, ஒரு லேபிள வெட்டத் தெரியலீங்களா?" என்று கத்தினேன். திட்டியது மகனையா, என்னையா என்று தெரியவில்லை. அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பஞ்சும் மருந்தும் எடுத்தார். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தரியைத் தேடினார். மாத்திரையைப் பற்றியோ இல்லத்தைப் பற்றியோ அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

லேபிள் போன பனியனை மாஸ்டர் தடவித் தடவிப் பார்த்தார். கத்தவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து என் சட்டையின் மடிப்பைத் திருப்பினார்.

"தையல் கோணலுங்க. ரிஜெக்ட்!" என்று அந்தப் பொட்டை என் மேல் ஒட்டினார்.

அதை எடுக்க இன்னும் எனக்கு மனசு வரவில்லை.