ஒற்றை வால்வு மாப்பிள்ளை

ஹமாமட்சு,
மழைக்காலத் தொடக்கம்

மதிப்புக்குரிய தொமிகோ அக்காவுக்கு, தம்பி ஷோசோ வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. நம் பெண் மிசுஹோவுக்கு நீங்கள் பார்த்துச் சொன்ன அந்த ஹிராய்வா என்கிற பையன் எழுதவிடவில்லை.

போன ஞாயிறு பெண் கேட்க வந்தான். பெண் கேட்டு வருகிறவன் இனிப்புப் பெட்டியோடு வந்தால் போதாதா? இவன் கூடவே ஒரு துணி மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். பிரித்தால், தானே செய்த ஆம்ப்ளிஃபையர். அந்தக் காலத்து ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வு போட்டது. "ஒரு வாரம் கேட்டுப் பாருங்க. பிடிச்சிருந்தா எங்க விஷயத்தையும் யோசிங்க" என்றான். நானோ ரயில் பெட்டித் தொழிற்சாலையில் கதவுகளைச் சோதித்தே ஓய்வு பெற்றவன். என்னிடம் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போனால் சும்மா விடுவேனா?

பார்த்தவுடனேயே இடித்தது: பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய வால்வு. என் பழைய ஆம்ப்ளிஃபையரில் பக்கத்துக்கு இரண்டு. ஒன்று தள்ளும், ஒன்று இழுக்கும், புருஷன் பெண்டாட்டி மாதிரி. இன்னொன்று எங்கே என்று கேட்டால், "ஒண்ணே போதுங்க" என்கிறான். கல்யாணம் பண்ண வந்தவன் பேசுகிற பேச்சா இது? சரி, சத்தமாவது வருமா என்றால் சமையலறை ரேடியோ இதைவிட உரக்கக் கத்தும். எடையோ அரிசி மூட்டை. சூடோ, இந்தப் புழுக்கத்தில் கணப்பு மூட்டியது போல. பாட்டு நன்றாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. பாடுகிற பெண் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பையன் ரயிலேறியதும் பிளக்கைப் பிடுங்கி, வால்வுகளைக் கழற்றி, கவிழ்த்துப் போட்டு அடித்தட்டைத் திறந்தேன். அக்கா, ஒயர்கள் அத்தனையும் வாரிப் பின்னின தலை மாதிரி, மெழுகு நூலால் கட்டி, ஈயப்பற்று ஒவ்வொன்றும் பளபளவென்று! யாரும் பார்க்காத இடத்தில் ஒருவன் ஏன் இத்தனை அழகாகச் செய்ய வேண்டும்? எதையோ மறைக்கிறான் என்றேன். "ஏங்க, அசிங்கமா செஞ்சிருந்தா மட்டும் என்ன சொல்லியிருப்பீங்க?" என்று என் வீட்டுக்காரி யொஷியே கேட்டாள். அவளுக்குத் தரச் சோதனை பற்றி என்ன தெரியும்!

மறைத்ததையும் கண்டுபிடித்துவிட்டேன். இடப்பக்க டிரான்ஸ்பார்மரின் மூடியைத் திறந்தால், உள்ளே இரும்புத் தகட்டின் இரண்டு பாதிகளும் ஒட்டவே இல்லை, நடுவில் ஒரு சந்து! என் கதவுகளில் இப்படி இருந்திருந்தால் முதலாளியே வந்து கெஞ்சினாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அந்தச் சந்தில் எதை அடைத்திருந்தான் தெரியுமா? காகிதத்தை! உருவி எறிந்துவிட்டு, முடிகூட நுழையாதபடி தட்டி இறுக்கித் திருகினேன். பிறகு போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் சளி பிடித்ததுபோல் முனகுகிறது, கனமான ஒலி எதுவுமே எழவில்லை. நான் இன்னும் சரிசெய்யாத வலப்பக்கம் மட்டும் ஏனோ நன்றாகப் பாடுகிறது. ஆக, ஒரு பக்கத்தை ஒழுங்காகவும் மறுபக்கத்தை ஏனோதானோவென்றும் செய்கிற ஆள். இவனிடம் என் ஒரே மகளை எப்படி ஒப்படைப்பது? அவளோ என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோற்றுக் கிண்ணத்தை டக்கென்று வைக்கிற சத்தம்தான் வருகிறது. எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் நன்றாக யோசித்துவிட்டேன். பையன் வீட்டில் நீங்கள் சொல்ல வேண்டிய முடிவு இதுதான்:

ஈரத்தில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தானுக்கு என் வணக்கம். தங்கள் குடும்பத்துக்கு எல்லா நலமும் பெருகட்டும்.

தம்பி ஷோசோ

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் மிசுஹோ போன் செய்து ஹிராய்வாவை வரவழைத்துவிட்டாள். கத்தப் போகிறான் என்று நினைத்தேன். "உள்ள இருந்த காகிதம் எங்கங்க?" என்று மட்டும் கேட்டான். "எரிக்கிற குப்பையோட போயிடுச்சு. ஓட்டை அடைச்ச காகிதம்தானே?" என்றேன். "இல்லீங்க. ரெண்டு வால்வுன்னா ஒண்ணுக்கொண்ணு எதிரா இழுத்துச் சரியாயிடும். ஒத்தை வால்வுல கரண்டு ஒரே பக்கமா ஓடிட்டே இருக்கும், இரும்பு திணறிடும். அந்தச் சந்து இருந்தாத்தான் அது மூச்சு விடும்" என்றான். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் இவர்கிட்ட அதைத்தான் கேக்கறேன்" என்றாள் யொஷியே.

பிறகு வீடு முழுக்கக் காகிதம் தேடினோம். செய்தித்தாள், கதவில் ஒட்டுகிற காகிதம், எதன் தடிமனும் என் அளவுகோலில் சரிவரவில்லை. இந்தக் கடிதத் தாள்தான் கச்சிதமாக இருந்தது. ஆனால் வெற்றுத் தாள் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றிலும் உங்களுக்கு எழுதிவிட்டேன். அவசரத்தில் மேசை மேல் இருந்த தாளை நானே நீட்டினேன். அவன் ஒரு பட்டை வெட்டினான், அதைக் கொஞ்சம் பார்த்தான், காதெல்லாம் சிவந்தது. அப்படியே சந்தில் வைத்துத் திருகினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே 'இதுதான்' என்பதற்குப் பிறகு தாளில் ஒரு பட்டை இல்லாதது அதனால்தான், அக்கா. அதில் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. "எடுத்துடுப்பா, வேற பார்ப்போம்" என்றேன். "இருக்கட்டுங்க. நல்லாப் பாடுது" என்றான்.

நிஜமாகவே பாடுகிறது. மிசுஹோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள்.