உள்ளே ஒருவர் இருக்கிறார்

காலை ஏழரை மணிக்குக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் 'உள்ளே ஒருவர் இருக்கிறார்' என்று சிவப்பு எழுத்து எரிந்தது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் இயந்திரம் ஒத்துக்கொள்ள மறுத்தது.

"மூணு தடவை தேடியாச்சு சார். ஈ காக்கா இல்ல," என்றாள் ஆபரேட்டர். "ஆனா பலகையில ஒரு சாவி குறையுது."

அவள் சார் என்று அழைத்தது பாதுகாப்பு அதிகாரியை. முகத்துக்கு நேரே அவர் சார். முதுகுக்குப் பின்னால் நிலையம் முழுக்க அவருக்குச் சாவி வாத்தியார் என்று பெயர்.

மருத்துவமனைகளுக்கு ஸ்கேன் மருந்து செய்யும் நிலையம் அது. இரண்டு மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் சுவர் வைத்த அறைக்குள் சைக்ளோட்ரான் உட்கார்ந்திருக்கிறது. அணுத் துகள்களைச் சுற்றிச் சுற்றி விரட்டி, வேகம் ஏற்றி, கொஞ்சம் விசேஷத் தண்ணீரின் மேல் மோதவிட்டு மருந்துக்கான மூலப்பொருளை உண்டாக்குவது அதன் வேலை. அது ஓடும்போது உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் விபரீதம். அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவரும் வாசல் பலகையிலிருந்து மஞ்சள் வில்லை கோத்த சாவி ஒன்றை உருவிக்கொண்டு போக வேண்டும், வெளியே வந்ததும் திரும்பச் செருக வேண்டும். பத்துச் சாவியும் பலகையில் இருந்தால்தான் இயந்திரம் கிளம்பும்.

இதைப் பற்றி மாதாமாதம் ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பவர் வாத்தியார். 'சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகும் முட்டாள் நீங்களா?' என்று அச்சடித்து, கழிவறை உட்பட ஒன்பது இடங்களில் ஒட்டியவரும் அவரேதான்.

"யாரோ வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கணும்," என்று அவர் கர்ஜிக்கத் தொடங்கினார். "பொறுப்புன்னு ஒண்ணு..."

அங்கேயே குரல் நின்றது. நேற்று மாலை கடைசியாக உள்ளே போனவர் அவர்தான். வெளியே வரும்போது போன் அடித்தது. மனைவி தக்காளி வாங்கி வரச் சொன்னாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் சாவி. சாவி இருந்த கை சாம்பல் நிற பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. வெளியே வந்ததாக நினைவில்லை.

வாத்தியாருக்குக் காது மடல் வரை சுட்டது.

"பொறுப்புன்னு ஒண்ணு என்ன சார்?" என்றாள் ஆபரேட்டர்.

"பொறுப்பு இருக்குன்னு சொன்னேன். இன்னொரு தடவை தேடலாம். நானும் வரேன்."

பக்கத்தில் நின்றிருந்த, உதிரிப் பொருட்களுக்குப் பொறுப்பான ஸ்டோர்காரர் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "எதுக்கும் அவங்கவங்க பாக்கெட்டை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கலாமா சார்?"

"நம்ம ஆளுங்களைச் சந்தேகப்படச் சொல்றீங்களா? வெட்கமா இல்ல?" என்று பாய்ந்தார் வாத்தியார். ஸ்டோர்காரர் டார்ச்சை எடுத்து நீட்டினார்.

மூவரும் உள்ளே போனார்கள். வாத்தியார் டார்ச் அடித்து, காந்தத்துக்கு அடியில் குனிந்து, குழாய்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கூவினார். தன்னைத் தானே தேடுகிற உத்தியோகம் உலகத்தில் வேறு யாருக்கு வாய்த்திருக்கும்? அந்தக் குனிந்த நிலையிலேயே அப்படியே கிடந்துவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. இருபத்திரண்டு வருட மரியாதை ஒரு பேன்ட் பாக்கெட்டில் கிடந்தது.

வெளியே டைரக்டர் அம்மா காத்திருந்தார். "ஆஸ்பத்திரியில ஒன்பது பேர் வெறும் வயித்தோட உக்காந்திருக்காங்க. ஒன்பதரைக்குள்ள இயந்திரம் கிளம்பலேன்னா எல்லாரையும் திருப்பி அனுப்பிடுவாங்க. அதுல ரெண்டு பேருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். சாவி எங்க?"

"கண்டுபிடிச்சிடலாம் மேடம்," என்று சொல்லிவிட்டு வாத்தியார் கழிவறைக்குள் புகுந்தார். உள்ளே அவருடைய நோட்டீஸ் அவரைப் பார்த்துக் கேள்வி கேட்டது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"நேத்துப் போட்ட சாம்பல் பேன்ட் எங்க?" என்றார் கிசுகிசுப்பாக.

"மெஷின்ல சுத்திட்டிருக்கு. ஏங்க கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி பேசறீங்க?"

"அதுல ஒரு சாவி இருந்துச்சா? மஞ்சள் வில்லை போட்டது."

"மஞ்சள் வில்லையா? அதுல எந்தச் சாவி?"

"அதேதான், மஞ்சள் வில்லை! உடனே ஒரு டாக்ஸி பிடிச்சுக் கொண்டு வா. கேட்டுல வந்து எனக்குப் போன் பண்ணு. யார்கிட்டயும் எதுக்கு வந்தேன்னு சொல்லாத."

"ஏங்க, எந்த..."

யாரோ கதவைத் தட்டினார்கள். வாத்தியார் போனை அணைத்து, தேவையில்லாமல் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டிலிருந்து டாக்ஸி வர முக்கால் மணி நேரம். அதுவரை எதையாவது செய்து நேரத்தை ஓட்ட வேண்டும். "விதிப்படி ஆள் கணக்கெடுக்கணும்," என்று அறிவித்தார். எல்லாரையும் நடைபாதையில் நிறுத்திப் பெயர் பெயராக வாசித்தார். அவரையும் சேர்த்துப் பதினான்கு பேர் இருந்தார்கள். இருக்க வேண்டியது பதினைந்து.

"துப்புரவு அக்கா வரல," என்றாள் ஆபரேட்டர்.

"அவங்க இன்னைக்கு லீவு சார். லெட்டர் என்கிட்டதான் குடுத்தாங்க," என்றார் ஸ்டோர்காரர்.

விட்டிருக்கலாம். ஆனால் எல்லார் கண்ணும் சாவியை மறந்து அந்த அக்கா பக்கம் திரும்பியதில் வாத்தியாருக்கு எவ்வளவு நிம்மதி! "லெட்டர் குடுத்தவங்க உள்ள போகக் கூடாதுன்னு சட்டமா?" என்று கேட்டு, அக்கா செல்லை எடுக்காததால் வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார், அதுதான் வினை.

எடுத்தது கணவர். "லீவா? காலையில ஆறரைக்கே வேலைக்குன்னு பையை மாட்டிக்கிட்டுப் போனாளே!"

"அப்ப அவங்க உள்ளயா மாட்டிக்கிட்டாங்க?" என்று யாரோ அலறியது போனுக்கும் கேட்டது. ஆபரேட்டர் அந்தக் கனத்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல் முறையாக உண்மையான பயம் தெரிந்தது.

இருபதே நிமிடத்தில் கணவர் வந்துவிட்டார். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். "எந்த ரூம்ல இருக்கா? கதவைத் திறங்க! அவளுக்கு மூடின ரூமே ஆகாது!" என்று கதறி, டைரக்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். டைரக்டர் அம்மா தீயணைப்புத் துறைக்குச் சொல்லப் போனை எடுத்தார். வாத்தியார் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதரின் அழுகை நின்றுவிடும். அவரோ டாக்ஸி வருகிறதா என்று வாசலைப் பார்த்தார்.

அப்போது துப்புரவு அக்காவே மூச்சிரைக்க ஓடி வந்தார். அக்கம்பக்கத்தார் போன் போட்டிருக்கிறார்கள்.

கணவர் பாய்ந்து போய் அவரைத் தொட்டுப் பார்த்தார். உயிரோடு இருப்பது உறுதியானதும், "எங்கடி போயிருந்த?" என்றார்.

அக்கா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "கார் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போனேன்," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "மூணு தடவை டெஸ்ட்டுல ஃபெயில். இன்னைக்கு நாலாவது. பாஸ் பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். என் முறை வரதுக்குள்ள நான் செத்துட்டேன்னு போன் வந்துடுச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

வாத்தியாரால் அதற்கு மேல் முடியவில்லை. தன் வெட்கத்தை மறைக்க இன்னொருத்தியின் வெட்கத்தை இத்தனை பேர் நடுவில் அவிழ்த்துக் கொட்டியிருக்கிறோமே என்று அவருக்கு நெஞ்சு கூசியது.

"சாவி என்கிட்ட இருக்கு," என்றார்.

டைரக்டர் அம்மா போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"நேத்து நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். காலையிலயே தெரியும். சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் உங்களையெல்லாம் தேட விட்டேன். இந்த அம்மாவைக் காட்டிக் குடுத்தேன். அந்த நோட்டீஸ்ல போட்டிருக்கிற முட்டாள் நான்தான்." அக்கா பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷத்துல இதான் முதல் தடவை. ஆனா ஒரு தடவைன்னாலும் தப்பு தப்புதான். அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

அக்கா விரலிடுக்கு வழியாக அவரைப் பார்த்தார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு உடனே தரையைப் பார்த்தார்கள். ஆபரேட்டர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எத்தனை கேவலமாக நினைக்கிறார்கள் என்று வாத்தியார் குறுகிப்போனார்.

"மணி ஒன்பது பத்து," என்றார் டைரக்டர் அம்மா, திட்டுவதற்குக்கூட நேரமில்லாத குரலில். "சாவி எப்ப வரும்?"

"வந்துட்டிருக்கு மேடம்."

"வந்ததும் கிளப்புங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்." ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டபடியே அவர் தன் அறைக்கு விரைந்தார்.

ஐந்து நிமிடத்தில் வாத்தியாரின் மனைவி வந்து சேர்ந்தாள். கேட்டில் நின்று போன் பண்ணச் சொன்னதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. நேரே நடைபாதைக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா.

"சாவி எங்க?" என்று கை நீட்டினார் வாத்தியார்.

"எந்தச் சாவின்னு கேட்டா போனை வச்சுடறீங்க," என்று மூச்சு வாங்கியபடி அவள் மூடியைத் திறந்தாள். "துணி துவைக்கிறப்ப உங்க பாக்கெட்ல கிடைக்கிறதையெல்லாம் இதுலதான் போட்டு வைக்கிறேன். இதுல எதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

டப்பாவுக்குள் மஞ்சள் வில்லை கோத்த சாவிகள் பதினேழு கிடந்தன.

வாத்தியார் டப்பாவைப் பார்த்தார். பத்தும் நிறைந்திருந்த பலகையை ஒவ்வொரு நாள் காலையிலும் பார்த்துப் பெருமைப்பட்டது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து எதிரில் நின்றவர்களைப் பார்த்தார். ஒருவர்கூட ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

ஸ்டோர்காரர் மட்டும் முன்னால் வந்து, டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பெரிய பாரம் இறங்கியவராக அவளிடம் சொன்னார்:

"நல்லவேளை மொத்தமா கொண்டுவந்தீங்கம்மா, சார் எடுத்துட்டுப் போறப்பல்லாம் அவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நான் மாட்டிட்டிருந்த டூப்ளிகேட் போன வாரத்தோட தீர்ந்துபோச்சு."